செருவு தணிகிறது

திருத்தணி என்ற பெயருக்குப் பெரியவர்கள் சொல்லும் பொருள் நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். சூரபத்மனோடு போர் புரிந்த முருகப்பெருமான், சினம் ஆறுவதற்காக வந்து தங்கிய மலை இது. செரு என்றால் போர். செரு தணிந்த இடம் செருத்தணி. அதுவே நாளடைவில் திருத்தணி ஆயிற்று என்பார்கள். ஆனால் இந்த ஊர் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. இங்கே பல குடும்பங்களில் வீட்டுப் பேச்சு தெலுங்குதான். தெலுங்கிலோ ஏரிக்குச் 'செருவு' என்று பெயர். சென்ற சித்திரையில் இந்தப் பக்கத்து ஏரிகளைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, ஊரின் பெயருக்குப் புதிதாக ஒரு பொருள் ஏற்பட்டுவிட்டதோ என்ற சந்தேகம் பிறந்தது. செரு என்றோ தணிந்துவிட்டது. இப்போது செருவு தணிந்துகொண்டிருக்கிறது.

முருகனுடைய கோபம் ஆறியிருக்கலாம். சூரியனுடைய கோபம் இவ்வூரில் ஆறியதாகத் தெரியவில்லை. கோடைக் காலத்தில் வானிலை இலாகாவார் தினந்தோறும் வெளியிடும் உஷ்ணப் பட்டியலில் திருத்தணியின் பெயர் வேலூரோடு போட்டி போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்பதைப் பத்திரிகை படிக்கும் எவரும் கவனித்திருப்பார்கள். 44 டிகிரி, 45 டிகிரி என்றெல்லாம் வருகிறது. பழைய பாரன்ஹீட் கணக்கில் சொன்னால் 113. கடற்காற்று இவ்வளவு தூரம் வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. சுற்றிலும் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் குடித்த வெயிலை அவை இரவெல்லாம் கக்குகின்றன. மலைமேல் ஏறும் 365 படிகள் வருஷத்தின் 365 நாட்களைக் குறிக்கின்றன என்பது ஐதிகம். சித்திரை மாதத்து நடுப்பகலில் வெறுங்காலோடு அவற்றில் ஏறியவர்கள், அந்த 365 நாளும் அக்கினி நட்சத்திரந்தான் என்று சத்தியம் செய்வார்கள்.

இதனால் இது மழையில்லாத பூமி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. திருவள்ளூர் ஜில்லாவில் சராசரியாக வருஷத்திற்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ராஜஸ்தானத்து மணல்வெளியில் இதில் பாதி பெய்தால் ஊர் கூடிப் பண்டிகை கொண்டாடுவார்கள். கஷ்டம் என்னவென்றால், ஆடியில் தொடங்கி மார்கழிக்குள் பெரும்பாலும் எல்லாம் பெய்து தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் மேகம் ஆகாயத்துக்கு வெறும் அலங்காரம். ஆற்றை நம்பலாமென்றால் அதற்கும் வழியில்லை. நந்தி ஆறு, கொசஸ்தலை ஆறு, நகரி ஆறு என்று பெயர்கள் என்னவோ கம்பீரமாகத்தான் இருக்கின்றன. வருஷத்தில் பெரும்பகுதி அவற்றில் ஓடுவது காற்றுத்தான். ஆகையினால்தான் நம் முன்னோர்கள், சில மாதங்களில் பெய்யும் மழையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் வைத்துக்கொள்வதற்காகச் சரிவு கண்ட இடத்திலெல்லாம் பிறை வடிவமாக ஒரு கரை போட்டார்கள். தமிழ்நாடு முழுவதும் இப்படி ஏறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கு. இவை வீட்டுக்கு அண்டா எப்படியோ, அப்படி ஊருக்கு. அண்டாவை விளக்காமல் போட்டால் யார் மேல் குற்றம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நிற்க. நான் சித்திரையில் அங்கே போன காரணத்தைச் சொல்லவேண்டும். திருத்தணிக்கு ஆறேழு மைலில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்தில் எந்தக் கிராமத்தின் பெயரைப் போட்டுக்கொண்டாலும் பொருந்தும். அங்கே என் அக்காள் இருக்கிறாள். ஏரியின் கீழே அவளுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. அவள் கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்து விற்கும் ஒருவர், அக்காளின் இரண்டு ஏக்கருக்கு நல்ல விலை சொல்லியிருந்தார். சுற்றியுள்ள நிலக்காரர்கள் சிலர் அதற்குள் முன்பணமும் வாங்கிவிட்டார்கள். "கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்துவிடு" என்கிறான் பிள்ளை. "தம்பி வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று அக்காள் என்மேல் பாரத்தைப் போட்டுவிட்டாள். ஊரில் உள்ள நிலத்தைப் பற்றிப் பட்டணத்தில் இருப்பவனிடம் யோசனை கேட்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் தமக்கை கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? ரேணிகுண்டா மார்க்கத்து ரயிலில் ஏறிவிட்டேன்.

காலையில் கரைமேல் போய் நின்றேன். கரை நெடுகப் பனைமரங்கள் இன்னும் இருக்கின்றன. மதகடியில் பாக்குக் கறை நிறத்தில் ஒரு குட்டை. அதில் நாலு எருமைகள் மூக்கு மட்டும் தெரியப் படுத்துக்கிடந்தன. மற்றபடி, வடக்குப் பாதி முழுவதும் வேலிகாத்தான் காடு. தெற்கே பையன்கள் மூன்று குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மோட்டார் சைக்கிள்கள் போய்ப் போய் வெண்மையாக ஒரு தடம் விழுந்திருந்தது. அக்காள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், ஏரியைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். இப்போது குறுக்கே போனால் ஐந்து நிமிஷம். முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

தலைமுறையாக நீர்கட்டி வேலை பார்த்த குடும்பத்துக் கிழவர் ஒருவர் கூட வந்தார். மதகைத் திறப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முறை வைப்பதும், கரையில் நண்டுவளை கண்டால் மண் போட்டு அடைப்பதும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பாக இருந்தன. அதற்குக் கூலி களத்து நெல். இப்போது களமும் இல்லை, நெல்லும் இல்லை, அவர் மட்டும் பழக்கத்தினால் நாள்தோறும் கரைக்கு வந்துவிடுகிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நம்மிடம் பேசுவது இரண்டும் கலந்த திருத்தணி பாஷை.

"பெரியவரே, ஏரி கடைசியாக எப்போது கோடி போயிற்று?" என்று கேட்டேன். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தோடுவதைத்தான் அந்தப் பக்கத்தில் கோடி போவது என்பார்கள்.

"2021-லே போச்சுங்க ஐயா. ராத்திரி படுக்கறப்போ பாதி செருவு. விடியறப்போ கோடியிலே ஆள் நிக்க முடியலே. மூணு நாள் ஓடிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அடுத்த கோடையிலே மாடு குடிக்கத் தண்ணி இல்லே."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்தார். "எங்க நைனா காலத்திலே ஆடியிலே இடிமழை, ஆவணியிலே நாலு மழைன்னு செருவு குதிர் ரொம்பற மாதிரி ரொம்பும். இப்போ மாசக் கணக்கிலே வரவேண்டியது ஒரே ராத்திரி வந்து கதவைத் தட்டுது. நாம எழுந்து திறக்கறதுக்குள்ளே போயிடுது. போவட்டும்னா, நிக்கறதுக்கு இடம் எங்கே இருக்குது? ரெண்டாள் ஆழம் இருந்த இடத்திலே இப்போ முழங்கால். மீதியெல்லாம் மண்ணு."

நீர்நிலை சாஸ்திரம் படித்தவர்கள் பல பக்கங்களில் எழுதக்கூடிய விஷயத்தை அவர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றிற்று. அப்போது நினைவுக்கு வந்தது போருமாமிள்ளா கல்வெட்டு.

ஏரி, கல்வெட்டு என்றதும் உத்தரமேரூரும் அதன் ஏரி வாரியமும் நேயர்களுக்கு ஞாபகம் வரும். பராந்தக சோழன் காலத்து அந்தப் பெருமையை மேடைகளில் நூறு முறை கேட்டாயிற்று. இங்கே மறுபடியும் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது திருத்தணிக்கு வடமேற்கே, கடப்பை ஜில்லாவில், ராயலசீமையின் வறண்ட பூமியில் உள்ள ஓர் ஏரியைப் பற்றி. விஜயநகரத்துப் புக்கராயரின் குமாரர் பாஸ்கரர் 1369-ஆம் வருஷத்தில் அதை அமைத்தார். ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் இரண்டு வருஷம் வேலை செய்ததாக அங்கேயுள்ள சம்ஸ்கிருதக் கல்வெட்டுச் சொல்கிறது. அத்தோடு விடவில்லை. நல்ல ஏரிக்கு வேண்டிய அங்கங்கள் பன்னிரண்டு, ஏரிக்கு வரக்கூடிய தோஷங்கள் ஆறு என்று வரிசைப்படுத்தியும் வைத்திருக்கிறது. ஜாதகத்துக்குத் தோஷம் பார்க்கும் நம் ஜனங்களில் எத்தனை பேர் ஏரிக்குத் தோஷம் பார்க்கிறார்கள்? அந்த ஆறும் இவை: கரை கசிவது; மண் உவராக இருப்பது; இரண்டு ராஜ்யங்களின் எல்லையில் ஏரி அமைவது; ஏரியின் நடுவே மேடு தட்டியிருப்பது; ஜலம் கொஞ்சமாகவும் ஆயக்கட்டுப் பரப்பு அதிகமாகவும் இருப்பது; ஜலம் அதிகமாகவும் ஆயக்கட்டுக் கொஞ்சமாகவும் இருப்பது.

கரைமேல் நின்றபடியே அக்காள் ஊர் ஏரிக்கு ஒவ்வொரு தோஷமாகப் பொருத்திப் பார்த்தேன். உவர் இல்லை, அந்த மட்டுக்கும் க்ஷேமம். கரை அங்கங்கே கசியத்தான் கசிகிறது. ராஜ்ய எல்லைத் தோஷத்தைப் பற்றி இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஒரு சரித்திரமே சொல்வார்கள். சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணி, ஸ்ரீ ம. பொ. சிவஞானம் முதலியவர்கள் நடத்திய கிளர்ச்சிக்கும் சிறைவாசத்துக்கும் பிறகு, படாஸ்கர் தீர்ப்பை ஒட்டி 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. மலை இந்தப் பக்கம் வந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் கொசஸ்தலைக்கு ஜலம் கொடுக்கும் குன்றுகளில் பலவும், கிருஷ்ணாபுரம் அணையும் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டன. 2021 நவம்பரில் அந்த அணையைத் திறந்தபோது பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் வெள்ளத்தில் மூழ்கிப் போயின. மனுஷ்யர்கள் எல்லைக் கல் நட்டுக்கொள்ளலாம். மழைக்கு அது தெரிவதில்லை.

கடைசி இரண்டு தோஷங்களில்தான் என் மனம் நின்றுவிட்டது. ஜலம் குறைவு என்பது ஓர் ஏரிக்கு வரும் தோஷம். ஜலம் மிகுதி என்பது வேறோர் ஏரிக்கு வரும் தோஷம். ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இவ்விரண்டும் ஒரே ஏரியைப் பிடிக்கக்கூடும் என்று அந்தக் கல்வெட்டை எழுதிய பண்டிதர் கனவிலும் கருதியிருக்க மாட்டார். அக்காள் ஊர் ஏரியை இரண்டும் சேர்ந்து பிடித்திருக்கின்றன. ஒரு வருஷம் கரை தாங்காத வெள்ளம். மறு வருஷம் மாட்டுக்கும் இல்லாத வறட்சி.

இந்த ஊருக்கு மட்டும் நேர்ந்த விபரீதமா இது என்றால், இல்லை. சென்னைப் பட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ஆம் வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று; படகில் ஏறி மாடி வீடுகளிலிருந்து ஜனங்கள் தப்பினார்கள். நாலே வருஷத்தில், 2019 கோடையில், அதே பட்டணத்தின் நான்கு பெரிய ஏரிகளும் அடிமண் தெரிய வறண்டு, ஜூலையில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்கள் கொண்ட ரயிலில் ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் குடிதண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. குடத்தோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

காரணத்தை விஞ்ஞானிகள் சொல்லும்போது கேட்க மிகவும் எளிதாக இருக்கிறது. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவிகிதம் ஏறும். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் பூமியைச் சூடாக்கியிருக்கிறோம். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பிருந்த நிலையைவிட உலகத்தின் சராசரி உஷ்ணம் 2024-ஆம் வருஷத்தில் ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்ந்திருந்தது. இந்தியாவில் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி ஏறியிருப்பதாக மத்திய சர்க்காரின் பூமி விஞ்ஞான இலாகா 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. முக்கால் டிகிரிகூட இல்லையே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். காய்ச்சலில் ஒரு டிகிரி ஏறினால் வீட்டில் எத்தனை பேர் தூங்காமல் இருக்கிறோம்? ஈரத்தைச் சுமக்கும் சக்தி ஏறிய காற்று, ஈட்டிக்காரன் மாதிரி நடந்துகொள்கிறது. சித்திரையில் ஏரியிடமிருந்து காலணா காலணாவாகப் பறித்துக்கொண்டு போகிறது. கார்த்திகையில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து ஒரே இரவில் தலையில் கொட்டுகிறது. மேற்படி மதிப்பீட்டின்படி, மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் பெருமழைகள் 1950-க்கும் 2015-க்கும் இடையில் சுமார் 75 சதவிகிதம் அதிகரித்துவிட்டன.

இங்கேதான் கிழவர் சொன்ன மண் குறுக்கே வருகிறது. நம் பக்கத்தில் திறந்த ஜலப்பரப்பிலிருந்து வருஷத்திற்கு ஐந்தாறு அடி உயரம் ஆவியாகவே போய்விடும். இரண்டாள் ஆழமுள்ள ஏரியில் ஐந்தடி போனாலும் மிச்சம் இருக்கும். முழங்கால் ஆழத்து ஏரியில்? நனைந்த எட்டு முழ வேட்டியைச் சுருட்டி வாளியில் போட்டு வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். அதையே கொடியில் விரித்துப் போட்டால் அரை மணியில் உலர்ந்துவிடும். வேட்டி குடித்திருந்த ஜலம் என்னவோ ஒன்றுதான். மண் தூர்ந்த ஏரி, கொடியில் போட்ட வேட்டி. வானத்தின் குற்றமும் மனுஷ்யர்களின் குற்றமும் இப்படிக் கை கோத்துக்கொண்டு வரும்போது, இது பாதி அது பாதி என்று பாகம் பிரிப்பது லேசான காரியம் அல்ல.

உலகத்திலுள்ள பெரிய ஏரிகளும் நீர்த்தேக்கங்களுமாக 1,972-ஐ ஆகாயத்திலிருந்து உபகிரகங்களைக் கொண்டு 1992 முதல் 2020 வரை அளந்த விஞ்ஞானிகள், அவற்றில் 53 சதவிகிதம் சுருங்கிவிட்டதாக 2023-இல் அறிவித்தார்கள். இயற்கை ஏரிகள் சுருங்கியதற்குப் பெருங்காரணங்கள் உஷ்ணம் ஏறுவதும் மனிதர்கள் இறைத்துக்கொள்வதும். அணை கட்டிய தேக்கங்களுக்கு முக்கியமான காரணம் வண்டல். மத்திய ஆசியாவில் ஆரல் கடல் என்று ஒன்று இருந்தது. கடல் என்பது மரியாதைப் பெயர்; உண்மையில் அது ஏரி. 1960-இல் உலகத்தின் நாலாவது பெரிய ஏரியாக இருந்த அதற்கு ஜலம் கொண்டுவந்த இரண்டு நதிகளையும் பருத்திக் காட்டுக்குத் திருப்பினார்கள். ஐம்பது வருஷத்துக்குள் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மீன்பிடிக் கப்பல்கள் மணலில் சாய்ந்து நிற்கும் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே கப்பல் நிற்கிறது. இங்கே கிரிக்கெட் குச்சி நிற்கிறது. பெரிய ஏரிக்குப் பெரிய அடையாளம், அவ்வளவுதான்.

வண்டலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏரி வற்றும் பங்குனி, சித்திரையில் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளி வயலில் போடுவது அந்தக் காலத்து வழக்கம். வயலுக்கு எரு, ஏரிக்கு ஆழம். மூட்டை உரம் வந்த பிறகு வயலுக்கு வண்டல் வேண்டியிருக்கவில்லை. பிற்பாடு, வேண்டும் என்றவர்களுக்கும் அனுமதிச் சீட்டு என்ற ஒரு மதகு அடைத்துக்கொண்டது. 2017-இல் விவசாயிகள் ஏரி வண்டலை விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் இடம் கொடுத்தார்கள். குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டமும் அதே வருஷம் தொடங்கியது. நல்ல காரியம். அக்காள் ஊரிலும் ஏதோ வேலை நடந்ததாம். கரையோரத்தில் ஒரு பலகை நிற்கிறது. எழுத்துக்கள் வெயிலில் வெளுத்துவிட்டதால் எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று படிக்க முடியவில்லை.

குடிமராமத்து என்றதும் அந்தக் காலம் முழுவதும் பொற்காலம் என்று புளகாங்கிதம் அடைகிறவர்களோடு நான் சேரமாட்டேன். 'வீட்டுக்கு ஓர் ஆள்' என்று சொல்லும்போது கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் மேல்வீட்டார் குடை பிடித்துக் கரையில் நிற்க, சேரிக்காரர்கள் கூலியின்றிச் சேற்றில் நின்றார்கள். அந்த ஏரியிலிருந்து குடம் மொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருந்ததா என்று கேட்டால் பல ஊர்களில் வெட்கப்பட வேண்டியிருக்கும். 1858-ஆம் வருஷத்தில் வெள்ளைக்கார சர்க்கார் இந்த வேலையைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டார்கள். அந்நியர் ஆட்சியில் ஏரிகள் பாழாயின என்று நம் தேசத் தலைவர்கள் குற்றம் சாட்டியதில் நியாயம் உண்டு. தீர்வை வசூலிப்பதில் காட்டிய கண்டிப்பை மராமத்தில் அவர்கள் காட்டவில்லை. ஆனால் அந்நியர் போய் எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. அந்தச் சமாதானம் இனிச் செல்லாது.

திருத்தணிக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆங்கில வருஷப் பிறப்பன்று நம்மவர்கள் எலுமிச்சம்பழமும் கையுமாக வெள்ளைக்கார துரைகளின் பங்களாவுக்குப் போய்க் கும்பிட்டு நின்றதைக் கண்டு பொறாத வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், "துரைகளுக்கெல்லாம் துரை தணிகைமலையில் இருக்கிறான், அவனிடம் வாருங்கள்" என்ற கருத்துப்படச் சொல்லி அழைத்துப் போனாராம். டிசம்பர் 31-ஆம் தேதி படிதோறும் பாடிக்கொண்டு ஏறும் திருப்படித் திருவிழா அப்படித்தான் ஏற்பட்டது. அக்காள் ஊரார் இப்போது எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக மனுவை எடுத்துக்கொண்டு கச்சேரி கச்சேரியாகப் போகிறார்கள். வரத்துக் கால்வாயில் இரண்டு இடத்தில் யாரோ மண் கொட்டி மேடாக்கிவிட்டார்களாம். மனு கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. ரசீது பத்திரமாக இருக்கிறது.

இவ்வளவும் ஒரு கிராமத்து ஏரியின் சமாசாரந்தானே, பட்டணத்தில் குழாயைத் திருகிக் குளிக்கும் நமக்கென்ன என்று கேட்கலாம். அக்காள் ஏரியில் கோடி போகும் ஜலம் ஓர் ஓடை வழியாகக் கொசஸ்தலையில் விழுந்து, பூண்டி ஏரிக்குப் போய்ச் சேருகிறது. பூண்டியைக் கட்டுவதற்குக் காரணமாக இருந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. சென்னை நகர மேயராக இருந்தபோது, யுத்த காலத்தில் பணமும் சாமானும் கிடைப்பது அரிதாயிருந்தும், வாதாடி மன்றாடிச் சர்க்காரை இசைய வைத்தார். 1940-இல் அஸ்திவாரம் போட்டார்கள். 1944-இல் ஏரி திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. சிறைவாசத்தில் உடம்பு கெட்டு 1943 மார்ச்சில் காலமாகிவிட்டார். அந்த ஏரிக்காகத் திருவெண்பாக்கத்துச் சிவபெருமானே தம் பழைய கோயிலை ஜலத்துக்கு விட்டுக்கொடுத்து வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தார் என்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திராது. சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய ஸ்தலம் அது. ஸ்வாமி காலி செய்துவிட்டார். கால்வாயில் மேடு போட்டவர்களைக் காலி செய்விக்கத்தான் நம்மால் முடியவில்லை.

அன்று மாலை அக்காளின் பிள்ளையும் வந்து சேர்ந்தான். திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். "மாமா, உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்காகப் பாருங்கள். ஏரியே செத்துவிட்டது. ஆழ்குழாய்க் கிணறு 600 அடி போயும் கரும்புக்குப் போதவில்லை. ஆயக்கட்டு ஆயக்கட்டு என்று காகிதத்தில் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. நான் சொன்னது வேறு கணக்கு. "ஏரிக்குக் காவல் சர்க்காரும் இல்லை, நீர்கட்டியும் இல்லை. அதன் கீழே பயிர் வைத்திருக்கிறவன்தான் காவல். ஏரி நிரம்பவேண்டும் என்று அவன் வேண்டிக்கொள்வான். மனை வாங்கி வீடு கட்டியவன், ஏரி நிரம்பக் கூடாது என்று வேண்டிக்கொள்வான். ஐப்பசி வந்தால் கரையை வெட்டிவிடச் சொல்லி முதல் மனு அவனுடையதாகத்தான் இருக்கும். அம்மாவின் இரண்டு ஏக்கர் போனால் ஏரிக்கு இரண்டு ஏக்கர் சிநேகிதம் போயிற்று. ஏரி போனால் கிணறும் போயிற்று. அப்புறம் நீ விற்ற மனைக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வரவேண்டும்." அவன் சிரித்துக்கொண்டு, "ஒரு மனிதர் தடுத்து என்ன ஆகும், மாமா? பக்கத்து நிலமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறதே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 

அக்காள் அதுவரையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "தை மாதம் வரைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். அதற்குள் ஒரு தடவையாவது கோடி போகிறதா, போனது நிற்கிறதா என்று பார்க்கிறேன்" என்றாள். பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கரும்பை இந்த வருஷம் நிறுத்திவிட்டுக் கடலையும் கேழ்வரகும் போடுவதென்று முடிவாயிற்று. ஆழ்குழாய்க் கிணற்றுக்கு அந்த மட்டில் ஓய்வு.

போன வாரம் அக்காள் தொலைபேசியில் பேசினாள். மனுவுக்குப் பதில் வராததால், ஆயக்கட்டுக்காரர்கள் தாங்களே வரத்துக் கால்வாயைத் தோண்டுவதென்று கூடிப் பேசியிருக்கிறார்களாம். இந்தத் தடவை மேல்வீடு, கீழ்வீடு என்ற வித்தியாசம் இல்லை. வராதவர்கள் ஓர் ஆள் கூலி கட்டவேண்டும். நீர்கட்டிக் கிழவர் எங்கெங்கே பழைய கால்வாய் ஓடியது என்று முளைக்குச்சி அடித்துக் கொடுத்துவிட்டார். முன்பணம் வாங்கியவர்களில் இரண்டு பேர்கூட வருகிறேன் என்றிருக்கிறார்கள். ஆனி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பம். "பிள்ளைக்கு லீவு இல்லையாம். கூலி கட்டிவிடச் சொல்கிறான். நம் வீட்டு ஆளாக நீ வா, தம்பி" என்றாள். நான் மண்வெட்டியைத் தொட்டு முப்பது வருஷம் ஆகிறது. சனிக்கிழமை சாயங்கால ரயிலில் போகிறேன்.